பழவேற்காட்டில் ஐந்து தட்டுப் புகையிலை

பொன்னேரியில் இறங்க வேண்டிய நான் கும்மிடிப்பூண்டியில் கண் விழித்தேன். ரயில் பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரு கூடைக் கோழியும் கூடைக்காரரும்தான். "இன்னா சார், ஆந்திராவா?" என்று கேட்டார். பொன்னேரி என்றேன். "அது போயி எவ்ளோ நேரமாச்சி. நல்லா கொறட்டை உட்டுகினு இருந்தீங்க, பாவம், எதுக்கு எழுப்பணும்னு உட்டுட்டேன்" என்றார். நல்ல மனுஷன். அவருடைய நல்ல குணத்தால் எனக்கு அரை நாள் போயிற்று.

கொழும்பில் இருந்தபோதே ராத்திரியில் சரியான தூக்கம் கிடையாது. நாக்குக்கு அடியில், இடது பக்கம், ஒரு புண். வந்து மூன்று மாதம் இருக்கும். வாய்ப்புண்தானே, சூட்டுக்கு வந்திருக்கும் என்று முதலில் மணத்தக்காளிக் கீரை தின்று பார்த்தேன். பிறகு தேன் தடவினேன், படிகாரத் தண்ணீரில் கொப்பளித்தேன். அது ஆறுவதாக இல்லை. ஓரம் தடித்துக்கொண்டே வந்தது. என் மனைவி கிரேஸிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். டாக்டர் பைப்பைத் தொடாதே என்பார். பைப்பைத் தொடாவிட்டால் எனக்குச் சோறு கிடையாது.

என் பிழைப்பு அப்படி. கொழும்புக் கோட்டையில் பைப் புகையிலை விற்கிற ஒரு துரையின் கடையில் இருபத்தாறு வருடமாக ருசி பார்க்கிறவன் நான். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை, பெயர் தேவசகாயம். எந்த இலையோடு எந்த இலையை எவ்வளவு கலந்தால் மலைத்தோட்டத்துத் துரைமார் மறுபடி டப்பா வாங்க வருவார்கள் என்று சொல்வதுதான் வேலை. மஞ்சள் வெர்ஜீனியா நாக்கு நுனியில் இனிக்கும். தடித்த பழுப்பு பர்லி நடு நாக்கில் வறுத்த கடலை மாதிரி நிற்கும். சிரியா தேசத்து லத்தாக்கியா, புகையில் வாட்டிய கறுப்பு இலை, அடிநாக்கில் போய் உட்காரும். பிடித்தவனுக்கு அது சாம்பிராணி, பிடிக்காதவனுக்கு எரிந்த செருப்பு. இந்த லத்தாக்கியாதான் இப்போது ஒழுங்காகக் கப்பலில் வருவதில்லை. பழவேற்காட்டில் இப்ராகிம் மரைக்காயர் என்று ஒருவர், குண்டூர்ப் பக்கத்து இலையைச் சவுக்குப் புகையில் வாட்டிப் பார்த்திருப்பதாகத் துரைக்கு எழுதியிருந்தார். போய்ப் பிடித்துப் பார், தேறினால் சொல், தேறாவிட்டால் ஏன் என்று சொல் என்று துரை என்னை அனுப்பினார். அனுப்பும்போது என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். அதை நான் கண்டுகொள்ளவில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே வயலும் வெயிலும்தான். கீற்றுக் கொட்டகை ஒன்றில் நாஷ்டா கிடைக்கும் என்றார்கள். இட்லி கல்லாக இருந்தது, காரச் சட்னி கண்ணைப் பிதுக்கியது. கொழும்பில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி ஊற்றுவார்கள், தொண்டைக்கு இதமாக இறங்கும். இங்கே மிளகாயில்லாமல் எதுவும் இலைக்கு வருவதில்லை. சட்னியை ஒதுக்கிவிட்டு இட்லியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். கொழும்புக் கடையில் ஒரு நெல்லூர்க்காரர் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் புரியும். "பல் இல்லாத கிழவன்போல் இருக்கிறது" என்றான் ஒருவன். "பல் இருக்கிறது, சரியாகப் பார், பணக்காரன், ருசி கேட்கிறான்" என்றான் மற்றவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொன்னேரிக்குத் திரும்பி, அங்கே ஒரு ஜட்கா பிடித்தேன். பாதி வழியில் அச்சு முறிந்தது. வண்டிக்காரர் குதிரையை அவிழ்த்துவிட்டுப் புளியமரத்தடியில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார். "பேஜாரு புட்ச்ச வண்டி சார் இது. கால்வா பக்கம் போங்க, படகு எதுனா வரும்" என்றார். அவர் சொன்னபடியே பக்கிங்காம் கால்வாயில் சவுக்குக் கட்டை ஏற்றிய படகு ஒன்று வந்தது. இரண்டு பேர் கரையில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார்கள். கட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பெட்டியில் எங்கள் கடைக் கலவை இரண்டு டப்பா கொண்டுவந்திருந்தேன். புது இலையைப் பார்ப்பதற்கு முந்தின நாள் பழைய கலவையைப் பிடித்து நாக்கில் ஏற்றிக்கொள்வது என் பழக்கம். முதலில் மதியக் கலவை. வெர்ஜீனியா தூக்கல், துருக்கி இலை கொஞ்சம். பெண்கள் இருக்கிற அறையில் பிடிக்கலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அடுத்தது மலைநாட்டுக் கலவை. மூன்றில் ஒரு பங்கு லத்தாக்கியா, மழைக்குளிரில் தேயிலைத் தோட்டத்தில் நிற்கிறவனுக்கு. இரண்டும் நான் கலந்தவை, கண்ணைக் கட்டினாலும் சொல்வேன். அன்றைக்குப் படகில் கண்ணைக் கட்டாமலே எனக்குச் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் சூடு தெரிந்தது, எரிச்சல் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. உப்புக் காற்றுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படகுக்காரர் வாசனை பிடித்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டாவது புட்ச்சது இன்னா சார்? பொணம் எரியிற வாடை வருது." மலைநாட்டுக் கலவையை முகத்துக்கு நேரே அப்படி யாரும் சொன்னதில்லை. பைப் தொடாதவனுக்கு மூக்கிலேயே வித்தியாசம் தெரிகிறது, என் நாக்குக்குத் தெரியவில்லையே என்று அந்த ஆளின்மேல் பொறாமையாக வந்தது.

மரைக்காயர் பழவேற்காட்டுப் படகுத்துறையிலேயே காத்திருந்தார். அறுபது வயது இருக்கும், வெள்ளைத் தாடி, கட்டம்போட்ட கைலி, கையில் குடை. "காலீல வரவேண்டிய ஆளு, இன்னா ஆச்சோன்னு நெஞ்சு அட்ச்சிக்கிச்சி சார்" என்றார். நான் கும்மிடிப்பூண்டிக் கதையையும் அச்சு முறிந்த கதையையும் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். பேசாமல் இருக்க எனக்கு வராது. நீங்க வாயை மூடுறது பைப் பிடிக்கும்போது மட்டுந்தான் என்று கிரேஸ் சொல்வாள். வலிக்க வலிக்கத்தான் பேசினேன்.

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் மடவை மீன் குழம்பு, நண்டு வறுவல், கடைசியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து அவித்த வட்டலாப்பம். கொழும்பில் பெருநாளைக்கு முஸ்லிம் நண்பர்கள் வீட்டிலிருந்து வட்டலாப்பம் வரும், ஏலக்காய் வாசம் தெருமுனைக்கே வந்துவிடும். இது அதைவிட நன்றாக இருந்திருக்க வேண்டும், மூக்கு அப்படித்தான் சொன்னது. நாக்குக்கு எட்டியது வெறும் குளிர்ச்சி. குழம்பையும் விடமுடியாது, உள்ளேயிருந்து மரைக்காயரின் வீட்டம்மா, "அவங்க ஒண்ணும் துன்ல, இன்னும் ஊத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமா என்று மரைக்காயர் கேட்டார். ருசி என்றேன்.

மறுநாள் காலையில் ஊரைக் காட்டினார். வலையும் கருவாடும் பார்த்துவிட்டு டச்சுக்காரர் கல்லறைக்குப் போனோம். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கல்லறைக்குப் போகிறவனுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? எனக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரம் திரும்பலாம் என்றேன். மரைக்காயர், "வெள்ளக்காரனுங்க வந்தா இங்க ஒரு மணி நேரம் நிப்பானுங்க" என்று ஆச்சரியப்பட்டார்.

ருசி பார்ப்பது அவருடைய கிடங்குத் தாழ்வாரத்தில், கால்வாயைப் பார்த்தாற்போல. மேசைமேல் ஐந்து பீங்கான் தட்டு, தட்டுக்கு ஒரு பிடி நறுக்கிய இலை, சாக்கட்டியால் நம்பர். ஐந்து புது மண் பைப். கொப்பளிக்கப் பால் விடாத சாயத் தேநீர். எல்லாம் முறைப்படி இருந்தது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நூக்காலம்மா என்று ஒரு தெலுங்குக்காரி இலை பிரித்துக்கொண்டிருந்தாள். வடக்கே எங்கோ கடலோரத்துச் செம்படவப் பெண், புருஷன் செத்தபின் இங்கே வந்தவளாம். அவள் சுருட்டு பிடிப்பதைப் பார்த்து நான் ஒரு நிமிஷம் வேலையை மறந்தேன். நெருப்புள்ள முனையை வாய்க்குள் வைத்து, உதட்டை மூடிக்கொண்டு, மறுமுனை வழியாகப் புகை விட்டாள். "அவுங்க ஊர் பொம்பளைங்க அப்டித்தான் சார். காத்துல நெருப்பு அணையாது, கையும் வேலைக்கு ஒழியும்" என்றார் மரைக்காயர்.

முதல் தட்டு குண்டூர் மஞ்சள் இலை. பற்றவைக்கும்போதே வெல்லப்பாகு வாசம், மூக்குக்குத் தெரிந்தது, எழுதிக்கொண்டேன். இரண்டாவது கறுப்பு. மத்தியானம் சாப்பிட்ட இறால் தொக்கின் காரம் அப்போதுதான் புண்ணில் ஏறி நின்றது. இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன், நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல் ஆயிற்று. "கரி வாடை. நாக்கைக் கடிக்கிறது. துரைமார் தொடமாட்டார்கள்" என்று எழுதினேன். மூன்றாவது தடித்த பழுப்பு, பர்லிக்குத் தூரத்து உறவு. சாம்பல் வெள்ளையாக விழுந்தது, அதனால் நல்ல இலை என்று போட்டேன். நான்காவது நாட்டு இலை, யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கு ஆகும், பைப்புக்கு ஆகாது. அது நிறத்திலேயே தெரிந்தது. இடையில் வீட்டம்மா பெரிய கூஜாவில் மோர் கொடுத்தனுப்பினார். குளிர்ந்த மோர், உப்புக்கூட அளவாகப் போட்டிருந்தது. அதை வாயில் வைத்து வைத்துக் குடித்தேன். எரிச்சல் அடங்கிற்று.

ஐந்தாவதும் கறுப்புதான். கொஞ்சம் பொடியாக நறுக்கியிருந்தது. புகை மெத்தென்று இறங்கியது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். "மிருதுவானது. கடிப்பில்லை. லத்தாக்கியாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைக்கலாம். இதையே எடுக்கலாம்" என்று எழுதி, வாய்விட்டும் படித்துக் காட்டினேன். அதற்குமேல் சும்மா இருந்திருக்கலாம். இரண்டாவதை வாட்டினவன் அவசரக்காரன், ஐந்தாவதை வாட்டினவன் தொழில் தெரிந்தவன் என்று ஒரு பிரசங்கமே பண்ணினேன். மரைக்காயர் தலையை ஆட்டினார். தட்டுகளை அவரே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேலைக்காரியைக் கூப்பிடாமல் அவர் ஏன் எடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் நாஷ்டா முடிந்ததும் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கடிதம். தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சார், நீங்க என் ஊட்ல சாப்ட்டவரு. இத்த நான் செஞ்சிருக்கக் கூடாது. ரெண்டாந் தட்டும் அஞ்சாந் தட்டும் ஒரே இலை."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவமானம் பிறகு வந்தது. ஒரே இலையை இரண்டு தட்டில் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். வேலை கேட்டு வருகிறவர்களை இப்படித்தான் மடக்குவோம். எத்தனை பேரை நானே மடக்கி, முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறேன். ஆனால் விருந்துக்கு அழைத்தவர் வீட்டில், அவர் கையால் சோறு போட்டபின், தட்டில் சூது வைப்பார் என்று எப்படி நினைப்பேன்? சந்தேகப்படுவதே மரியாதைக் குறைவு என்று இருந்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் தட்டை நம்பியதில்லை. இங்கே மனுஷரை நம்பித் தட்டையும் நம்பினேன்.

"யாரு வைக்கச் சொன்னது?" என்றேன். கடிதத்தை நீட்டினார். துரையின் கையெழுத்து. ஒரு இலையை இருமுறை வையுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தந்தி அடியுங்கள் என்று இருந்தது. இலையைப் பார்க்க நான் வரவில்லை, என்னைப் பார்க்க இலையை வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. புறப்படும்போது துரை பார்த்த பார்வையும் விளங்கியது. கடையில் யாரோ என் நாக்கைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரே கண்டுபிடித்திருப்பார்.

மரைக்காயர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணுன்னு நீங்களே கண்டுபுட்ச்சிட்டீங்கன்னு அடிச்சிடறேன். யாருக்குத் தெரியப்போவுது? இலை நல்ல இலைதான், அதுல பொய் இல்ல. ஒரு நாள் நாக்கு சரியில்லன்னா ஒரு மனுஷன் பொழப்பு போவணுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தந்தி போயிற்று. தபாலாபீசிலிருந்து வெளியே வந்தபோது உயிர் திரும்பி வந்த மாதிரிதான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் புண் ஆறிவிடும், நாக்கு பழையபடி ஆகிவிடும், இது யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன்.

மத்தியானம் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து வாய் கொப்பளித்தேன். துப்பியது சிவப்பாக இருந்தது. மண்ணைத் தள்ளி மூடினேன். தலை நிமிர்ந்தால் நூக்காலம்மா நிற்கிறாள், வாயில் சுருட்டோடு. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வாயி தொற நைனா."

கட்டின மனைவிக்குக் காட்டாத வாயை, பெயர் தெரிந்து இரண்டு நாள் ஆகாத ஒருத்திக்குத் திறந்து காட்டினேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் என் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"எத்தினி மாசம்?"

"மூணு."

"எங்க அம்மாக்கு மேல வந்துச்சி, அண்ணத்துல. உனுக்குக் கீழ வந்துகீது. ரெண்டும் ஒண்ணுதான்." சொல்லிவிட்டு என் தாடையை விட்டாள். "அம்மா ஆறு மாசம் பச்சிலை வெச்சிக்கினு கெடந்துச்சி. அப்புறம் தண்ணி எறங்கல. செத்துப்போச்சி. நீ டாக்டருகிட்ட போ. டப்பு பாக்காத. இன்னிக்கே போ."

அவள் பயமுறுத்தவில்லை, பரிதாபமும் படவில்லை. மீன் கெட்டுப்போயிற்று என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். நீ ஏன் இன்னும் இப்படிப் பிடிக்கிறாய் என்று எரிந்து விழுந்தேன். அவள் தன் வாயைத் திறந்து காட்டினாள். மேலண்ணம் முழுக்க வெள்ளையாக, வெடித்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. "காட்னா உட்ருன்னு சொல்வாங்க. இது இல்லாம நாளெல்லாம் இந்தக் காத்துல எப்டி குந்திக்கினு இருக்கறது?" என்றாள். மறுபடி நெருப்பை உள்ளே வைத்து வாயை மூடிக்கொண்டு இலைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல் அழத் தெரியாது எனக்கு, கால்வாயில் போன படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திருவள்ளூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அங்கே ஒரு லேடி டாக்டர் கெட்டிக்காரர் என்று மரைக்காயர் சொன்னார். தனியாகப் போகிறேன் என்றேன், கேட்கவில்லை. நாலாம் நாள் விடியலில் இரண்டு பேருமாகக் கிளம்பினோம். அன்றைக்கு அமாவாசை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. கூட்டம் பூராவும் திருவள்ளூர்க் கோவிலுக்கு. ஆளுக்கொரு பொட்டலம் வெல்லம் மடியில் வைத்திருந்தார்கள். என்ன என்று கேட்டேன். கோவில் குளத்தில் வெல்லத்தைப் போட்டால் அது கரைகிற மாதிரி உடம்பில் இருக்கிற கட்டியும் மருவும் கரையுமாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. "உனுக்கு இன்னாபா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். வாய்ப்புண் என்றேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு வெல்லத்தை உடைத்து என் கையில் வைத்தாள். "நீயும் போடு" என்றாள். வழியில் பஸ் டயர் வெடித்து, காக்களூர் ஏரிக்கரையில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மிச்ச தூரம் நடந்தோம். வெல்லம் கையில் கசிந்து பிசுபிசுத்தது.

லேடி டாக்டர் நாற்பது வயதுக்காரர், மலையாளம் கலந்த தமிழ். விரலால் புண்ணை அழுத்திப் பார்த்தார், பிறகு கழுத்தைத் தடவினார். தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு நெல்லிக்காய் இருந்தது எனக்கே தெரியாது.

"என்ன வேலை?" என்றார். சொன்னேன். என் சட்டைப் பையிலிருந்த பைப்பைக் கேட்டு வாங்கி மேசை டிராயரில் போட்டு மூடினார்.

"இது புற்று. நான் வேறு பெயர் சொல்லிப் பிரயோசனம் இல்லை. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், நாளைக்கே போகணும். முதல் மாசம் வந்திருந்தால் ஓரத்தில் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள்."

"இப்ப?"

"இப்போது நாக்கில் பெரும்பாகம் போகும். உயிர் இருக்க அதுதான் வழி."

"பேச்சு?"

அவர் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. "கஷ்டம்" என்றார்.

வெளியே வந்தோம். மரைக்காயர் கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கோவில் குளத்தில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். படியில் இறங்கிக் கையிலிருந்த வெல்லத்தைத் தண்ணீரில் போட்டேன். யார் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை, நாக்கு, நாக்கு என்று மட்டும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் மரைக்காயர் கடையில் ஒரு முழு அச்சு வெல்லம் வாங்கிக்கொண்டு வருகிறார். என் பக்கத்தில் குனிந்து அதையும் போட்டார். இரண்டு பேரும் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.

மெட்ராஸில் டாக்டர்கள் மூன்று பேர் பார்த்தார்கள், திருவள்ளூர் அம்மா சொன்னதையேதான் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள், டாக்டர்களில் வயதில் சின்னவர், யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் இன்றைக்குப் பேசிவிடுங்கள் என்றார். மரைக்காயர் கூடவே இருந்தார். தந்தியாபீசுக்கு அழைத்துப்போய்க் கொழும்புக்கு டிரங்க் கால் போட்டார். எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு மருந்துக்கடை, அங்கே போன் உண்டு. மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். புண்ணைச் சொல்ல வேண்டும். மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இருபது வருடத்தில் அவளிடம் ஒருநாளும் சொல்லாத இரண்டு வார்த்தையும் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

"ஏங்க, நீங்கதானா? சாப்பிட்டியளா?" என்று கிரேஸ் கத்தினாள். மூச்சிரைத்தது, ஓடி வந்திருக்கிறாள். நான் வாயைத் திறக்கும் முன்னே அவளே தொடர்ந்தாள். "துரை ஆள் விட்டுச் சொன்னாருங்க. ரெண்டு தட்டுல ஒரே இலைய வச்சதக் கண்டுபிடிச்சிட்டியளாமே. தேவசகாயம் நாக்கு போச்சுன்னு கடையில பேசிக்கிட்டாங்களாம், அவங்க மொகத்துல கரியப் பூசிட்டியன்னு சொன்னாராம். அந்த நாக்கு இருக்கிற வரைக்கும் உங்க நாற்காலிக்குப் பங்கம் இல்லன்னாராம். எனக்குத் தல கால் புரியல. ராத்திரி எழுந்து எழுந்து வாயக் கொப்பளிச்சியளே, என்னமோ ஏதோன்னு நான் பயந்துகிட்டே கெடந்தேன். கேட்டா எரிஞ்சு விழுவியன்னு கேக்கல. இப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மாதமும் என் பக்கத்தில் விழித்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள்.

"கிரேஸ்" என்றேன்.

"அழுவுதியளா என்ன? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"இல்ல. லைன் சரியில்ல."

"ஊரு எப்படி? சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா?"

"மடவை மீன் நல்லாயிருந்துச்சு" என்றேன். அடுக்கி வைத்ததில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அவளுக்கு வந்த அந்த உயிரை என் வாயால் திருப்பிப் பிடுங்க எனக்கு மனசில்லை. மூன்று நிமிஷம் ஆயிற்று என்று நடுவில் ஒரு பெண்குரல் சொன்னது.

"சரி வையுங்க. மீதிய வந்து பேசிக்கிடலாம்" என்றாள் கிரேஸ்.

சரி என்றேன்.